மூடிய புத்தகத்துக்கு முன்னால் பத்து நிமிடம்

காரைக்குடியில் கல்வி உளவியல் ஆலோசகராக இருக்கும் எனக்கு, காலாண்டுத் தேர்வு விடைத்தாள்கள் வீட்டுக்கு வந்துசேரும் வாரங்களில்தான் வேலை அதிகம். அந்த நாள்களில் வரும் பெற்றோர் பெரும்பாலும் சொல்லும் குறை ஒன்றுதான்: "ராத்திரி பதினோரு மணி வரைக்கும் படிக்கிறான், பரீட்சையில ஒண்ணும் ஞாபகம் வரமாட்டேங்குது." சென்ற ஆண்டு தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஓர் ஆச்சி (எங்கள் பக்கத்தில் நகரத்தார் வீட்டுப் பெண்களை இப்படித்தான் அழைப்போம்), பத்தாம் வகுப்பு படிக்கும் மகனை அழைத்து வந்திருந்தார். அறிவியலில் இதயம் பற்றிய பகுதியை மூன்று முறை வாசித்துவிட்டதாகச் சொன்ன பையன், புத்தகத்தைத் திறந்தும் காட்டினான். வரிக்கு வரி மஞ்சள் மை பூசியிருந்தது. புத்தகத்தை மூடிவைத்து, ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, நினைவில் உள்ளதை எழுதச் சொன்னேன். நான்கு அறைகளின் பெயர்களை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டான்.

அவன் பொய் சொல்லவில்லை. திரும்பத் திரும்ப வாசிக்கும்போது வரிகள் கண்ணுக்குப் பழகிப்போகின்றன. பழகிய வரியைக் கண்டதும் 'இது எனக்குத் தெரியும்' என்ற எண்ணம் தானாக எழுகிறது. ஆனால் பார்த்து அடையாளம் கண்டுகொள்வது வேறு, பார்க்காமல் எடுத்துச் சொல்வது வேறு. தேர்வு இரண்டாவதைத்தான் கேட்கிறது. அதற்கான பயிற்சியை நம் பிள்ளைகளில் பலர் தேர்வறையில்தான் முதன்முதலாகச் செய்கிறார்கள்.

அமெரிக்க உளவியலாளர்களான ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. கல்லூரி மாணவர்கள் ஓர் உரைநடைப் பகுதியைப் படித்தபின், சிலர் அதையே மீண்டும் படித்தார்கள்; சிலர் அதைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் படித்தவர்களே சற்று முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ, அவர்கள் நினைவுகூர்ந்தது சுமார் 42 விழுக்காடு, எழுதிப் பார்த்தவர்கள் நினைவுகூர்ந்தது சுமார் 56 விழுக்காடு. அந்த ஐந்து நிமிட வெற்றிதான் பிள்ளையையும் பெற்றோரையும் ஒருசேர ஏமாற்றுகிறது என்பது என் கருத்து.

அந்த ஆச்சியிடம், இரவு உணவுக்குப் பின் பத்து நிமிடம் மட்டும் குடும்பமாக உட்காருங்கள், புத்தகம் மூடியிருக்கட்டும், அன்று படித்த ஒன்றை அவன் சொல்ல மற்றவர்கள் கேளுங்கள் என்று சொன்னேன். "எனக்கு அறிவியல் தெரியாதே" என்று தயங்கினார். தெரியாதவர் கேட்பதில்தான் பலன் அதிகம். இரண்டு வாரம் கழித்து அவர் வந்து சொன்னது இது. வீட்டில் அப்பத்தாதான் முதல் கேள்வி கேட்டாராம்: "நாலு அறை எதுக்குடா, ரெண்டு பத்தாதா?" பையனுக்கு விடை தெரியவில்லை. எழுந்துபோய்ப் புத்தகத்தைப் புரட்டி, உயிர்வளி (ஆக்சிஜன்) நிறைந்த இரத்தமும் உயிர்வளி குறைந்த இரத்தமும் கலந்துவிடாமல் இருக்கத்தான் இந்தத் தடுப்பு என்றும், மீனுக்கு இரண்டு அறை, தவளைக்கு மூன்று அறை என்றும் வந்து சொல்லியிருக்கிறான். மஞ்சள் மையால் ஆகாதது அப்பத்தாவின் ஒரு கேள்வியால் ஆயிற்று. இந்தப் பத்து நிமிடத்தில் பெரியவர்கள் கடைப்பிடிக்க வேண்டிய நிபந்தனை ஒன்று உண்டு: பிள்ளை தடுமாறும்போது திட்டவும் கூடாது, உடனே விடையை எடுத்துக் கொடுக்கவும் கூடாது. தேடித் தடுமாறும் அந்த அரை நிமிடத்தில்தான் நினைவு உரம்பெறுகிறது. பிறகு புத்தகத்தைத் திறந்து சரிபார்த்துக்கொள்வதும் கட்டாயம். இல்லாவிட்டால் தவறான விடையே மனத்தில் ஊன்றிவிடும்.

இதில் புதுமை ஏதுமில்லை. அந்தக் காலத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மாலையில் பிள்ளைகளை அனுப்பும்போது ஆசிரியர் ஆளுக்கொரு பூவின் பெயரையோ பறவையின் பெயரையோ சொல்லி அனுப்புவார். மறுநாள் காலையில் அதை மறவாமல் சொல்ல வேண்டும். ஓர் இரவு இடைவெளிவிட்டு நினைவைச் சோதிக்கும் அந்த ஏற்பாட்டை எண்ணி இன்றும் வியக்கிறேன்.

இடைவெளி என்றதும் எபிங்ஹாஸைச் சொல்ல வேண்டும். ஜெர்மானிய உளவியலாளரான அவர் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து தம்மையே சோதித்துக்கொண்டு, 1885-இல் முடிவுகளை வெளியிட்டார். கற்றதில் பாதிக்கு மேல் ஒரு மணி நேரத்துக்குள் நழுவியது. ஒரு நாள் கழிந்தபோது மூன்றில் ஒரு பங்களவே மிஞ்சியது. பொருள் புரிந்து படிக்கும் பாடம் இவ்வளவு வேகமாக நழுவாது என்றாலும், ஒரே இரவில் ஐந்து முறை படிப்பதைவிட ஐந்து வெவ்வேறு நாள்களில் நாளுக்கு ஒருமுறை படிப்பது மேல் என்பது பிந்தைய ஆய்வுகளிலும் மீண்டும் மீண்டும் உறுதிப்பட்டிருக்கிறது. இதற்கு நான் பரிந்துரைக்கும் கருவி, அடுப்படிச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டி. இன்று படித்த பாடத்தின் பெயரை நாளைய தாளிலும், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தொன்றாம் நாள் தாள்களிலும் பென்சிலால் குறித்துவையுங்கள். காலையில் தாளைக் கிழிப்பவர் அந்தப் பெயரை உரக்க வாசித்தால் போதும். அன்றைய கேள்வி அதிலிருந்து.

வரிசையாக நினைவில் வைக்க வேண்டியவற்றுக்கு நம் வீடுகளே உதவும். சமூக அறிவியலில் இரு உலகப்போர்க் காலத்தை ஒரு மாணவிக்கு இப்படிப் பழக்கினேன்: வாசலிலிருந்து உள்ளே நடக்கும் வரிசையில், வீட்டின் ஒவ்வோர் இடத்திலும் ஒரு நிகழ்வைக் காட்சியாக வைப்பது. திண்ணையில் துப்பாக்கியோடு ஒரு வீரன், 1914. முகப்பில் (முன்கூடத்தில்) மேசை போட்டுக் கையெழுத்திடுகிறார்கள், 1919 வெர்சாய் உடன்படிக்கை. வளவில், அதாவது வீட்டின் நடுவே உள்ள திறந்த முற்றத்தில், மழைநீர் பிடிக்கும் அண்டா வற்றிக் காலியாகக் கிடக்கிறது, 1929 பொருளாதாரப் பெருமந்தம். அதற்கும் உள்ளே இரண்டாங்கட்டில் ஹிட்லர் நின்று முழங்குகிறார், 1933. அடுப்படியில் தீ பிடித்துக்கொண்டது, 1939. கண்ணை மூடி வீட்டுக்குள் நடந்தால் வரிசை பிசகுவதில்லை. வளவு வைத்த வீடுதான் வேண்டும் என்பதில்லை. பள்ளிக்கு நடந்துபோகும் தெருவும் போதும். ஆனால் இது வரிசைக்கும் பட்டியலுக்கும் மட்டுமே உதவும். போர் ஏன் மூண்டது என்பதை இதனால் புரிந்துகொள்ள முடியாது.

உருவமாக வைத்தது மறக்காது என்பதை நம் சமையற்கட்டும் அறியும். வெள்ளைப் பணியாரத்துக்கு அளவு கேட்டால் ஆச்சிமார் எடைக்கணக்குச் சொல்லமாட்டார்கள். உழக்கு நிறையப் பச்சரிசி, அதன்மேல் கோபுரமாக நிற்கும் மட்டும் உளுந்து என்பார்கள். பிள்ளைகளிடம் இதைச் சொல்லிக் காட்டுங்கள்.

தூக்கத்தைக் குறைத்துப் படிக்க வைக்காதீர்கள். பகலில் படித்தது தூக்கத்தில்தான் நிலைபெறுகிறது. பதின்பருவத்தினருக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் தேவை. நினைவாற்றலைக் கூட்டுவதாக விற்கும் மருந்துகளில் பணத்தைப் போடுவதற்கு முன், பிள்ளைக்குக் கண் பார்வை சரியாக உள்ளதா, இரத்தசோகை இருக்கிறதா என்று மருத்துவரிடம் பார்த்துவிடுங்கள். பெண் பிள்ளைகளுக்கு இரண்டாவது மிக முக்கியம்.

அந்தப் பையனின் அப்பச்சி, அதாவது அப்பா, சிங்கப்பூரில் இருக்கிறார். வாரம் இருமுறை அழைப்பார், "மார்க் எவ்வளவு?" என்பதே அவருடைய முதல் கேள்வியாக இருந்தது. அதற்குப் பதிலாக "போன தடவை எனக்குச் சொன்னியே, அதை இப்ப பார்க்காமச் சொல்லு" என்று கேட்கும்படி ஆச்சி வழியாகச் சொல்லியனுப்பினேன். மூன்றாவது அழைப்பில் பையன் திருப்பிக் கேட்டானாம்: "அப்பச்சி, தவளைக்கு எத்தனை அறைன்னு போன வாரம் சொன்னேன், ஞாபகம் இருக்கா?" அவர் இரண்டு என்றாராம். பையன் மறுபடியும் முதலிலிருந்து விளக்கினான்.