மாலுமிகள் சவப்பெட்டி என்று அழைத்த கப்பல்

பிரிட்டிஷ் கடற்படையின் ‘செரோக்கி’ வகைப் போர்க்கப்பல்களை மாலுமிகள் ‘சவப்பெட்டி’ என்றுதான் குறிப்பிடுவார்கள். ‘பாதி ஓதப் பாறை’ என்று இன்னொரு பட்டப்பெயரும் உண்டு. ஓதம் ஏறும்போது, அதாவது கடல்நீர் மட்டம் உயரும்போது, பாதி அமிழ்ந்து கிடக்கும் பாறையைப் போல, அலைகள் இந்தக் கப்பலின் மேலேறிப் போய்க்கொண்டே இருக்கும்.

நெப்போலியன் போர்க்காலத்தில், 1807இல், ஹென்றி பீக் வரைந்த வடிவம் இது. நீளம் 90 அடி, அகலம் இருபத்து நாலரை அடி, பாய்மரங்கள் இரண்டு, பீரங்கிகள் பத்து. நூற்றுக்கும் மேல் கட்டினார்கள். அவற்றில் பல கடலுக்குப் பலியாயின.

குறை மேல்தளத்தில் இருந்தது. தளம் கடல் மட்டத்துக்கு மிக அருகில். அதைச் சுற்றிலும் வீரர்களைக் காக்க உயரமான பக்கச் சுவர்கள். பீரங்கித் துளைகளின் கதவுகளை அடைத்துவிட்டால் தளம் ஒரு தொட்டிதான். அதில் பாதிப் பரப்பில் ஓரடி உயரத்துக்கு நீர் தேங்கினாலே எடை முப்பது டன்னை நெருங்கும்.

எடையைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், அந்த நீர் ஓடுகிறதே, அதுதான் ஆபத்து. தாம்பாளத்தில் தண்ணீர் ஏந்தி நடந்தவர்களுக்கு இது புரியும். தட்டு சற்றுச் சாய்ந்ததும் நீர் முழுவதும் அந்தப் பக்கம் ஓடி, சாய்வை இன்னும் கூட்டிவிடும். சாதாரணமாகக் கப்பல் ஒருபக்கம் சாய்ந்தால், அந்தப் பக்கம் கூடுதலாக நீரில் அமிழும். அங்கே மிதப்பு விசை கூடிக் கப்பலை நிமிர்த்தும். தளத்தில் நீர் தேங்கியிருந்தால், அதுவும் தாழ்ந்த பக்கத்துக்கே ஓடி, நிமிர்த்தும் விசையை எதிர்த்து நிற்கிறது. அடுத்த அலை வருவதற்குள் நீர் வடிந்தாக வேண்டும். உயிரும் சாவும் அந்த இடைவெளியில்தான்.

டார்வின் பயணம் செய்த ‘பீகிள்’ இதே வகைதான். 1820இல் வெள்ளோட்டம் விட்டார்கள். 1825இல் ஆய்வுப் பணிக்காக மூன்றாவது பாய்மரத்தைச் சேர்த்தார்கள். 1831இல் கேப்டன் ஃபிட்ஸ்ராய் மேல்தளத்தையே பின்புறம் 8 அங்குலமும் முன்புறம் 12 அங்குலமும் உயர்த்தச் செய்தார். சுவரின் உயரம் அப்படியே இருக்கத் தளம் மட்டும் ஏறினால், தொட்டியின் ஆழம் குறைகிறது; தேங்கும் நீரும் குறைகிறது. ஒரு சாண் மரவேலைதான். ஆனாலும் அந்த மனிதர் செய்த மிக நல்ல காரியங்களில் இதைத்தான் முதலில் வைப்பேன்.

1833 ஜனவரி 13. தென் அமெரிக்காவின் தென்கோடி முனையான கேப் ஹார்ன் அருகே மூன்று பேரலைகள் அடுத்தடுத்து வந்தன. மூன்றாவது அலை கப்பலைப் பக்கவாட்டில் சாய்த்து, ஒரு பக்கச் சுவரை நீருக்குள் அமுக்கியது. படகு ஒன்று போயிற்று. துளைக் கதவுகளை அடித்துத் திறந்தார்கள். தளத்து நீர் கொட்டி வடிய, பீகிள் நிமிர்ந்தது. இன்னொரு அலை வந்திருந்தால் கதை முடிந்திருக்கும் என்று எழுதிய டார்வினுக்கு மறுநாள் வேறொரு கவலை: தாவரங்களை உலர்த்தும் தாள்களும் சேகரித்த செடிகளும் உப்புநீரில் நனைந்து வீணாகியிருந்தன.