குளூட்டன் இல்லாத மாவு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது?

ஒரு கைப்பிடி மைதாவைக் கெட்டியாகப் பிசைந்து, கால் மணி நேரம் ஊறவிட்டு, அந்த உருண்டையைக் குழாய்த் தண்ணீரில் மெதுவாகக் கசக்கிக் கழுவிப் பாருங்கள். முதலில் பால் மாதிரி வெள்ளையாக ஓடும். அது மாவுச்சத்து. விடாமல் பத்து நிமிடம் கழுவினால் தண்ணீர் தெளிந்துவிடும், கையில் சாம்பல் நிறத்தில் சூயிங்கம் போல ஒன்று மிஞ்சும். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். அதுதான் குளூட்டன். இத்தாலியின் பொலோனியா நகரில் ஜாகோபோ பெக்காரி என்பவர் 1728-இல் இப்படிக் கழுவித்தான் கோதுமை மாவிலிருந்து அதைத் தனியாகப் பிரித்துக் காட்டினார்.

என் மகளுக்குச் சீலியாக் நோய் என்று தெரிந்த வாரம் நான் முதலில் செய்தது இதைத்தான். இரண்டு வருடமாக இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தும் ரத்தம் ஏறவில்லை, வயதுக்கேற்ற உயரமும் இல்லை, கடைசியில் காரணம் இந்தப் பிசின் என்றார்கள். எது என் குழந்தையை இத்தனை நாள் வாட்டியது என்று ஒருமுறை கையில் பிடித்துப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. பார்த்ததில் வேறொரு நன்மையும் கிடைத்தது. இந்தப் பிசின் மாவில் என்ன வேலை செய்கிறது என்று புரிந்துவிட்டால், அந்த வேலையை வேறு எதை வைத்துச் செய்யலாம் என்று யோசிக்க முடிகிறது. அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டில் சாப்பாடு மறுபடி ருசியாக ஆனது.

கோதுமையில் கிளையடின், குளூட்டனின் என்று இரண்டு வகைப் புரதங்கள் இருக்கின்றன. தண்ணீர் பட்டுப் பிசையும்போது இரண்டும் பின்னிக்கொண்டு வலையாகின்றன. இதில் குளூட்டனின் என்பது வலைக்கு முறுக்கு கொடுக்கிறது, கிளையடின் நீளவிடுகிறது. பரோட்டா மாஸ்டர் மாவை வீசி வீசிக் கண்ணாடி மாதிரி மெல்லிசாக்குகிறாரே, அது கிழியாமல் இருப்பதற்கு இந்த இரண்டும் சேர்ந்திருப்பதே காரணம். பிரெட்டில் ஈஸ்ட் விடும் வாயுவைப் பலூன் மாதிரி பிடித்து வைப்பதும் இதே வலைதான்.

இந்தப் புரதங்களில் புரோலின், குளூட்டமின் என்ற அமினோ அமிலங்கள் மிக அதிகம். நம் செரிமான நொதிகளால் அவற்றை முழுவதுமாக வெட்ட முடிவதில்லை, நீளமான துண்டுகளாகவே சிறுகுடலுக்கு வந்துசேர்கின்றன. பெரும்பாலானவர்களுக்கு இதனால் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் டிக்யூ2 அல்லது டிக்யூ8 என்ற மரபணு வகை உள்ளவர்களில் சிலருக்கு, குடலில் இருக்கும் ஒரு நொதி அந்தத் துண்டுகளைக் கொஞ்சம் மாற்றிவிட, நோய் எதிர்ப்பு அணுக்கள் அவற்றை எதிரி என்று எண்ணித் தாக்க ஆரம்பிக்கின்றன. அடி விழுவது குடலுறிஞ்சிகள் மேல். விரல் விரலாக நிற்கும் அவை தேய்ந்து தட்டையாகிவிட்டால் சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. என் மகளுக்கு மாத்திரை பலிக்காததும் இதனால்தான்.

இதைக் கோதுமையோடு முடிச்சுப்போட்டுக் காட்டியவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கெ. 1930-களிலிருந்தே அவருக்குச் சந்தேகம் உண்டு. 1944-45 குளிர்காலத்தில் அங்கே பெரும் பஞ்சம் வந்து ரொட்டியே கிடைக்காமல் போனபோது இந்த நோயுள்ள குழந்தைகள் தேறினார்கள், ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்தார்கள். ஊரே பசியில் வாடிய நேரத்தில் சில குழந்தைகள் மட்டும் உடம்பு தேறினார்கள் என்பதை எப்போது நினைத்தாலும் மனசு என்னவோ செய்கிறது. 1950-இல் அவர் இதை ஆய்வேடாகவே எழுதினார்.

சரி, நம் பக்கம் இது ஏன் அவ்வளவாகக் கேள்விப்படாத நோயாக இருக்கிறது? 2016-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு இதற்கு நல்ல விடை தருகிறது. அந்த மரபணு வகை வட இந்தியாவில் 38 சதவீதம் பேருக்கும் தென்னிந்தியாவில் 36 சதவீதம் பேருக்கும் இருந்தது, அதாவது கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் இந்த நோயின் அடையாளமாக நோய் எதிர்ப்பு அணுக்கள் உண்டாக்கும் எதிர்ப்பொருள் என்ற புரதம் ரத்தத்தில் இருந்தவர்கள் வடக்கே 1.23 சதவீதம், தெற்கே 0.10 சதவீதம். வடக்கே ஒருவர் ஒரு நாளில் சாப்பிட்ட கோதுமை சராசரியாக 455 கிராம், தெற்கே 25 கிராம். உடம்பு வாகு ஒன்றாக இருந்தும் தட்டு வேறாக இருந்திருக்கிறது. இப்போது நம் வீடுகளிலும் ராத்திரிச் சாப்பாடு சப்பாத்திக்கு மாறி வருவதால் இந்தக் கணக்கு இப்படியே இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். சந்தேகம் இருந்தால் முதலில் ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பி, அப்புறம்தான் கோதுமையை நிறுத்த வேண்டும். முன்பே நிறுத்திவிட்டால் எதிர்ப்பொருள் அளவு இறங்கிவிடும், நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரும்.

இனி சமையலுக்கு வருகிறேன். குளூட்டன் இல்லாத மாவைப் பிடித்து நிறுத்த நம் ஊரில் எத்தனையோ தலைமுறையாக வைத்திருக்கும் முதல் உத்தி வெந்நீர். அரிசி மாவில் பச்சைத் தண்ணீர் ஊற்றிப் பிசைந்தால் ஈர மணல் மாதிரிதான் இருக்கும், உருட்டினால் விண்டுபோகும். மாவுச்சத்துக் குருணைகள் அந்தச் சூட்டில் தண்ணீரை உள்ளே விடுவதில்லை. ஏறத்தாழ 60 முதல் 80 டிகிரிக்குள் போனதும் அவை ஊதி, உடைந்து, உள்ளிருக்கும் நீளச் சங்கிலிகள் வெளியே கசிந்து பசையாகின்றன. கொழுக்கட்டைக்கும் இடியாப்பத்துக்கும் மாவு பிசையும்போது நடப்பது இதுதான்.

எங்கள் அம்மா, ‘தண்ணி தளதளன்னு கொதிக்கணும், அடுப்பை அணைச்சிட்டு நின்னு பேசிட்டு இருக்காதே’ என்பார். நான் அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாவும் தண்ணீரும் சம எடை, மாவு 30 டிகிரி, தண்ணீர் 100 டிகிரி என்றால் கலந்ததும் சூடு 80 பக்கம் நிற்கும். மாவு சூட்டை அதிகம் குடிப்பதில்லை என்பதால் அவ்வளவு மிஞ்சுகிறது. அதே தண்ணீர் ஐந்து நிமிடம் ஆறி 80-க்கு இறங்கியிருந்தால் கலவை 65-தான் இருக்கும், பாத்திரம் குடிக்கும் சூட்டையும் கழித்தால் அதற்கும் கீழே. பசை பாதிதான் ஆகும், கொழுக்கட்டை ஆவியில் வெடித்துவிடும். அம்மா சொன்னதில் ஒரு டிகிரிகூடக் குறையில்லை.

இரண்டாவது உத்தி உளுந்து. இட்லி மாவில் வலை போடக் குளூட்டன் கிடையாது, ஆனாலும் பஞ்சாக உப்புகிறது. இதை மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தில் 1970-களில் ஆராய்ந்திருக்கிறார்கள். உளுந்தில் குளோபுலின் என்ற புரதம் சோப்பு நுரைபோலக் காற்றுக் குமிழிகளைச் சுற்றிப் படலமாகிறது, அராபினோகேலக்டன் என்ற கொழகொழப்பான சர்க்கரைச் சங்கிலி அந்தப் படலம் உடையாமல் தாங்குகிறது. கிரைண்டரில் உளுந்து அரைபடும்போது கையை விட்டுத் தள்ளினால் வெண்ணெய் மாதிரி திரண்டு வருமே, அந்தக் கொழகொழப்புதான். ராத்திரி முழுக்க லூகோநாஸ்டாக் என்ற பாக்டீரியா வாயுவை விட்டு அதை ஊதுகிறது, காலையில் ஆவி பட்டதும் மாவுச்சத்தும் புரதமும் இறுகிக் குமிழிகள் அப்படியே நின்றுவிடுகின்றன. பிரெட்டுக்குக் கோதுமை செய்வதை இட்லிக்கு உளுந்து செய்கிறது, அவ்வளவுதான். ஆப்ப மாவில் கொஞ்சம் அரிசியைக் கஞ்சியாகக் காய்ச்சி ஊற்றுவதும் இதே குடும்பம்தான். கேரளத்தில் அதைக் கப்பி காய்ச்சுவது என்பார்கள்.

ஆக இட்லி, தோசை, அடை, இடியாப்பம், புட்டு, கொழுக்கட்டை, பொங்கல், முறுக்கு, அதிரசம் எல்லாம் பிறப்பிலேயே குளூட்டன் இல்லாதவை. இவற்றை ஏதோ பத்தியச் சாப்பாடு மாதிரி கொடுக்காமல் நன்றாகச் செய்து கொடுத்தாலே முக்கால்வாசிக் கவலை தீர்ந்தது.

சப்பாத்திதான் எங்களைப் படுத்தியது. மகளுக்கு அதுதான் வேண்டும். வட கர்நாடகத்தில் ஜோளத ரொட்டிக்குச் சோள மாவில் (மக்காச்சோள மாவு இல்லை) கொதிநீர் ஊற்றித்தான் பிசைகிறார்கள், தட்டுவது கையால். அந்தக் கைப்பழக்கம் எனக்கு இல்லை, கட்டையால் தேய்த்தால் ஓரமெல்லாம் பிளந்தது. அப்புறம் இசப்கோல் உமியைப் பிடித்தேன். மலச்சிக்கலுக்குத் தண்ணீரில் கலக்கிக் குடிப்பார்களே, அதேதான். அது தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரை இழுத்துக்கொண்டு, இழுபடும் ஜெல்லியாகிறது. குளூட்டனின் முறுக்கு அதில் இல்லை, நீளும் குணம் கொஞ்சம் இருக்கிறது. ஒரு கப் சோள மாவு, கால் கப் அரிசி மாவு, ஒரு டீஸ்பூன் இசப்கோல், உப்பு, ஒரு கப் கொதிநீர். கரண்டியால் கிளறி, மூடி, கை பொறுக்கும் சூட்டில் நன்றாக அழுத்திப் பிசைந்து, இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே வைத்துத் தேய்க்கிறேன். மூன்றாவது நாள் கல்லில் ஒன்று பந்து மாதிரி எழும்பியது. மகள் ஓடி வந்து பார்த்தாள், ஆவி போகுமுன்னே பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.

கேக் இதைவிடச் சுலபம். கேக்கில் குளூட்டன் அதிகமானால் அது ரப்பராகிவிடும், அதனால்தான் சாதாரணக் கேக்குக்கும் மாவை அதிகம் கலக்காதே என்கிறார்கள். அதைத் தூக்கி நிறுத்துவது முட்டைதான். அரிசி மாவு இரண்டு பங்கு, முந்திரிப் பொடி ஒரு பங்கு போட்டு, நறநறப்புப் போக மாவைக் கலந்து அரை மணி நேரம் ஊறவிட்டு வேகவைத்தால் பிறந்தநாளுக்கு வந்த குழந்தைகள் யாருக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. பிரெட் மட்டும் இன்னும் எனக்குக் கடையில் வாங்குவதுபோல வரவில்லை. பரோட்டா வரவே வராது, மெல்லிசாக இழுபடும் அந்தக் குணம் வேறு எந்த மாவிலும் இல்லை. இதைக் குழந்தையிடம் நேராகவே சொல்லிவிட்டேன்.

ஒளிந்திருப்பவைதான் ஆபத்து. எங்கள் வீட்டில் கோதுமையை நிறுத்தி நான்கு மாதம் ஆகியும் ரத்தப் பரிசோதனை அவ்வளவாக இறங்கவில்லை. காரணம் பெருங்காயம். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் மைதாவோ கோதுமை மாவோ சேர்த்திருக்கும், சாம்பார், ரசம், மோர் என்று தினமும் போட்டுக்கொண்டிருந்தோம். இப்போது அரிசி மாவில் செய்ததை லேபிள் பார்த்து வாங்குகிறோம். வெள்ளை ரவை, சேமியா, சோயா சாஸ், பார்லி சேர்ந்த மால்ட் பானங்கள் எல்லாம் இதே கணக்கு. சம்பா ரவை என்பதைச் சம்பா அரிசி என்று நினைத்துவிடக் கூடாது, அது கோதுமை. இன்னொரு குழப்பம் கம்பு. குளூட்டன் உள்ள ரை என்ற குளிர்நாட்டுத் தானியத்தைத் தமிழில் சிலர் ‘கம்பு’ என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள், அதைப் படித்துவிட்டுக் கம்பங்கூழையே ஒதுக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். நம் கம்பு வேறு. கம்பு, கேழ்வரகு, சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி எதிலும் குளூட்டன் இல்லை.

ஆனால் தானியத்தில் இல்லாதது மாவில் வந்து சேரலாம். மாவு மில்லில் நமக்கு முன்னால் யாராவது கோதுமை அரைத்திருந்தால் இயந்திரத்துக்குள் தங்கியது நம் கேழ்வரகோடு வரும். இது எவ்வளவு பெரிய விஷயம் என்று பாருங்கள்: 30 கிராம் மாவில் செய்த ஒரு சப்பாத்தியில் ஏறத்தாழ 3 கிராம் குளூட்டன் இருக்கும். சீலியாக் உள்ள பெரும்பாலானவர்களின் குடல் தாங்குவது நாளுக்கு 10 மில்லிகிராம் அளவுதான். அதாவது அந்தச் சப்பாத்தியை முந்நூறு துண்டாக்கினால் அதில் ஒரு துண்டு. குளூட்டன் இல்லை என்று பாக்கெட்டில் போட ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி வைத்திருப்பதும் இதனால்தான். நாங்கள் தானியத்தைக் கழுவிக் காயவைத்து மிக்ஸியில் அரைக்கிறோம். ஓட்டலில் சப்பாத்தி போட்ட கல்லிலேயே தோசை ஊற்றுவார்கள், பூரி பொரித்த எண்ணெயிலேயே வடை போடுவார்கள். கேட்டுவிட்டுத்தான் உட்காருவோம். கேட்கக் கூச்சமாக இருந்தது ஒரு மாதம்தான்.

கடைசியாகப் பள்ளிக்கூட டிபன். காலையில் பூ மாதிரி இருந்த இடியாப்பம் மதியம் விறைத்துப்போகிறதே, ஏன்? சூட்டில் கசிந்து வந்த அந்த நீளச் சங்கிலிகள் ஆறும்போது ஒன்றோடொன்று நெருங்கி மறுபடி படிகமாகின்றன, பிடித்திருந்த தண்ணீரையும் விடுகின்றன. ஃபிரிட்ஜின் குளிரில் இது இன்னும் வேகமாக நடக்கும், அதனால் மீந்த இட்லியை அங்கே வைத்தால் மறுபடி ஆவி காட்டாமல் கொடுக்கக் கூடாது. ஆவி காட்டினால் அந்தப் படிகம் திரும்ப இளகும். பள்ளியில் அதற்கு வழியில்லை. அதனால் அரிசிச் சேவையைச் சூடாக இருக்கும்போதே நல்லெண்ணெய் விட்டு உதிர்த்து, எலுமிச்சை பிழிந்து தாளித்துக் கட்டுகிறேன். எண்ணெய் அந்தச் சங்கிலிகளைக் கொஞ்சம் விலக்கி வைக்கிறது, சேவை பன்னிரண்டரை மணி வரை மெத்தென்று இருக்கிறது. இப்போதெல்லாம் பக்கத்து இருக்கைப் பெண்ணுக்கும் வேண்டுமாம், இரண்டு டப்பா போகிறது.