பிஎல் வேறு, எல்பிஎல் வேறு சாமி!

காலை 5:40 மணிக்குப் பொள்ளாச்சி ஷூட்டிங்கிலிருந்து போன். "சார், லென்ஸ் உட்காரவே மாட்டேங்குது." கேமரா எங்கள் கடையிலிருந்து வாடகைக்குப் போனது, பிஎல் மவுண்ட் (மவுண்ட் என்றால் லென்ஸ் கேமராவில் பூட்டும் வாய்; பிஎல், எல்பிஎல் அதில் இரண்டு வகை). லென்ஸ் செட்டை விலை குறைவு என்று வேறு இடத்தில் எடுத்திருக்கிறார்கள், அது எல்பிஎல். "ஒரு எழுத்துதானே சார் கூட இருக்கு, அடாப்டர் அனுப்பிடுங்க" என்றார் மேனேஜர். இந்த வருடத்தில் இது மூன்றாவது போன்.

அடாப்டர், அதாவது நடுவில் ஒரு இணைப்பு வளையம், போட்டால் எதுவும் எதிலும் மாட்டும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. மவுண்டின் முகத்திலிருந்து சென்சார் வரை உள்ள தூரம் பிஎல்லுக்கு 52 மி.மீ., எல்பிஎல்லுக்கு 44. பிஎல் லென்ஸை எல்பிஎல் கேமராவில் போட 8 மி.மீ. வளையம் ஒன்று போதும், கேமரா கம்பெனி ஆரியே அதை விற்கிறது. தலைகீழாக, எல்பிஎல் லென்ஸைப் பிஎல் கேமராவில் போட முடியாது. எல்பிஎல் லென்ஸ் இன்னும் 8 மி.மீ. உள்ளே போய் உட்கார வேண்டும். பெரிய செருப்புக்குள் அட்டை வைத்துச் சமாளிக்கலாம், சின்னச் செருப்புக்குள் எதை வைப்பீர்கள்? கேனான் இஎஃப் லென்ஸும் 44தான். பிஎல் கேமராவில் அதற்கும் இதே கதி. சோனி இ மவுண்டுக்கு வெறும் 18 என்பதால் அதில் என்னென்னவோ மாட்டலாம். அதில் பழகிவிட்டு வருபவர்கள்தான் என்னிடம் சண்டைக்கு நிற்கிறார்கள்.

ஆரியின் ஆலெக்ஸா மினி கேமராவில் மவுண்டையே கழற்றி எல்பிஎல் போடலாமே என்பீர்கள். போடலாம், என் மேஜையில். தென்னந்தோப்பில் வைத்து அல்ல. அன்று கோயம்புத்தூரில் தெரிந்தவரிடம் பிஎல் செட் வாங்கி, முதல் ஷாட் எடுக்க மதியமாகிவிட்டது.

1982இல் ஆரி கொண்டுவந்த பிஎல்லை மற்ற கம்பெனிகளும் எடுத்துக்கொண்டதால், சினிமா மவுண்ட் என்றாலே அதுதான் என்று நமக்கு ஊறிவிட்டது. எல்பிஎல் 2018இல் ஆலெக்ஸா எல்எஃப் கேமராவோடு வந்தது. பானாவிஷன் கம்பெனி இன்னும் ஒருபடி மேல்: தனி மவுண்ட், லென்ஸும் விற்பனைக்கே இல்லை, வாடகைக்கு மட்டும்.

மாட்டிவிட்டால் மட்டும் தப்பித்தோமா? மலிவு அடாப்டர் 0.05 மி.மீ. கனம் கூடினாலே, அதாவது ஏ4 தாளில் பாதி, 18 மி.மீ. லென்ஸை இன்ஃபினிட்டியில் (எட்டாத தூரத்துக்கான குறியில்) வைத்தாலும் ஆறரை மீட்டரில்தான் ஷார்ப்பாக இருக்கும். 85 மி.மீ. லென்ஸில் அதே பிழை 145 மீட்டருக்குப் போய்விடுவதால் ஃபோகஸ் குறிகளில் வித்தியாசமே தெரியாது. 85ஐப் போட்டுப் பார்த்து ஓகே சொல்லிவிட்டு, வைட் ஷாட் சாஃப்ட் ஆனதும் ஃபோகஸ் வைக்கும் உதவியாளரான ஃபோகஸ் புல்லரைத் திட்டுவார்கள். அந்தப் பையன் டேப் பிடித்து அளந்துதான் வைத்திருப்பான்.

ஆர்டர் கொடுக்கும்போது மவுண்ட் பெயரை வாயால் சொல்லாதீர்கள், எழுதி அனுப்புங்கள். கேமராவும் லென்ஸும் வேறு வேறு இடமென்றால் முந்தின நாளே இரண்டையும் ஒரே மேஜைக்குக் கொண்டுவாருங்கள், இருப்பதிலேயே வைடான லென்ஸை முதலில் சோதியுங்கள். கனமான ஜூமை அடாப்டரிலேயே தொங்கவிடாதீர்கள். லென்ஸைத் தாங்கும் ராடும் சப்போர்ட்டும் சும்மா அழகுக்குத் தரவில்லை.

அசிஸ்டெண்ட் தம்பிகளே, உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். ஸ்பாட்டில் மவுண்ட் ஸ்க்ரூவைத் தொடாதீர்கள். உள்ளே காகிதம் போல மெல்லிசாக ஷிம் என்ற தகடு இருக்கும். அந்த 52ஐச் சரியாக நிறுத்துவதே அதுதான். போன மாதம் திரும்பி வந்த ஒரு கேமராவில் அது இல்லை. கேட்டால், "ஏதோ வாஷர் மாதிரி விழுந்துச்சுண்ணே, ஊதி விட்டுட்டேன்" என்கிறான்.