கீமோதெரபியைத் தமிழில் எப்படிச் சொல்வது?

மார்பில் இருந்த கட்டியை எடுத்த பிறகு, "இனி கீமோ போடணும்" என்று டாக்டர் சொன்னார். காங்கேயம் வந்து சேரும் வரைக்கும் அத்தை கேட்டது ஒன்றுதான்: "அது கரண்டு வெக்கறதா கண்ணு?"

இல்லை. கரண்டு வைப்பது என்று நாம் சொல்வது கதிர்வீச்சுச் சிகிச்சை, அது கதிர் படுகிற இடத்தில்தான் வேலை செய்யும். கீமோ என்பது மருந்து. ரத்தத்தோடு உடம்பெல்லாம் போய், கட்டியிலிருந்து பிரிந்து ஸ்கேனிலும் தெரியாமல் எங்காவது தங்கியிருக்கும் புற்றுச் செல்லையும் அழிக்கத்தான், கட்டியை எடுத்த பிறகும் அதைப் போடுகிறார்கள். சிலருக்குக் கட்டியைச் சுருக்க அறுவைக்கு முன்பே போடுவதும் உண்டு.

கீமோதெரபி என்ற சொல்லை உண்டாக்கியவர் ஜெர்மன் விஞ்ஞானி பால் எர்லிக். அவர் நினைத்தது புற்றுநோயை அல்ல, கிருமியை. அவருடைய சால்வர்சான் 1910இல் சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கு வந்த மருந்து. 1940களில் நைட்ரஜன் மஸ்டர்ட் என்ற வேதிப்பொருளைப் புற்றுநோய்க்குக் கொடுத்துப் பார்த்த பிறகுதான் சொல் மெல்ல இந்தப் பக்கம் வந்து ஒட்டிக்கொண்டது.

தமிழில் 'இரசாயனச் சிகிச்சை' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது வேண்டாம். பழைய வைத்தியத்தில் ரசாயனம் என்றால் உடம்பைத் தேற்றும் மருந்துதான், ஆனால் சாயக்கழிவு ஓடிய நொய்யலைப் பார்த்து வளர்ந்த நம்ம ஊர்க்காரர்களிடம், அதுவும் பயந்துபோய் உட்கார்ந்திருக்கும் ஒரு பொம்பளையிடம், "உனக்கு ரசாயனம் ஏத்தப் போறாங்க" என்று எப்படிச் சொல்வது?

'வேதிச்சிகிச்சை' நல்ல சொல். வேதித்தல் என்றால் ஓர் உலோகத்தை வேறொன்றாக மாற்றுவது, ரசவாதிகள் செம்பைப் பொன்னாக்கப் பார்த்தார்களே, அதுதான். கீமோவுக்கு உறவான கெமிஸ்ட்ரி என்ற சொல்லும் அதே ரசவாதத்திலிருந்து வந்ததால் பொருத்தம் கச்சிதம். தெரபிக்குக் கிரேக்கத்தில் பணிவிடை என்று பொருள், அதற்கு வைத்தியம் பார்ப்பதைச் சொல்லும் நம்முடைய பண்டுவம் இன்னும் நெருக்கம். 'வேதிப்பண்டுவம்' என்று எழுத எனக்கு ஆசை, ஆனால் பழகிவிட்ட வேதிச்சிகிச்சையே எழுத்துக்குப் போதும்.

பேச்சில் 'மருந்து ஏத்தறது' என்கிறோம். குளுக்கோஸையும் ஏத்தறதுதான், அதனால் எந்த மருந்து, எதற்கு என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

"கட்டி திரும்ப வராம இருக்க மருந்து ஏத்தறாங்க அத்தை, மூணு வாரத்துக்கு ஒருக்கா. கரண்டு இல்ல."

"முடி போயிருமா?"

வேகமாகப் பெருகும் செல்லைத்தான் இந்த மருந்து அடிக்கும், முடியின் வேரும் அப்படிப்பட்டதுதான்.

"போகுமுங்க அத்தை. மருந்தை நிறுத்துன பிறகு திரும்ப மொளைக்கும்."