குறையச்சம்: ‘பெர்ஃபெக்‌ஷனிசம்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது?

மொரீசியசில் ஒருவரைப் ‘பெர்ஃபெக்சியோனிஸ்ட்’ என்றால் அது பெரும்பாலும் பாராட்டு. பிசகில்லாமல் வேலை செய்கிறவர், எதையும் ஏனோதானோவென்று விடாதவர் என்று பொருள்கொள்கிறோம். உளவியலார் அதே சொல்லைப் பெரும்பாலும் ஒரு தொல்லையின் பெயராகவே ஆள்கிறார்கள். இந்த இரண்டு பொருளையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டதால், தொல்லைப்படுகிறவருக்கும் நாம் கைதட்டிக்கொண்டிருக்கிறோம்.

மூலம் இலத்தீன். ‘பெர்’ என்றால் முழுக்க, ‘ஃபாக்கெரே’ என்றால் செய்தல். இரண்டும் கூடிய ‘பெர்ஃபிக்கெரே’ என்பதற்குச் செய்து முடித்தல் என்று பொருள். அதன் வழியில் வந்தவைதான் பிரெஞ்சு, கிரியோல் பேச்சில் நாள்தோறும் கேட்கும் ‘பர்ஃபே’யும் ஆங்கிலத்தின் ‘பெர்ஃபெக்ட்’டும். முடிந்தது என்ற பொருள்தான் பிறகு குறையற்றது என்று விரிந்தது. ‘பெர்ஃபெக்‌ஷனிஸ்ட்’ என்பது 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் சமயச் சொல். இந்தப் பிறவியிலேயே பாவமற்ற நிலையை எட்டலாம் என்று நம்பிய கிறித்தவர்களைக் குறித்தது. உளவியலுக்கு அது 20ஆம் நூற்றாண்டில்தான் வந்து சேர்ந்தது.

1978இல் ஹாமச்செக் என்ற உளவியலாளர் இயல்பான வகை, நோய்த்தன்மையுள்ள வகை என இதை இரண்டாகப் பிரித்தார். 1990இல் ஃப்ராஸ்ட்டும் உடனிருந்தவர்களும் அமைத்த 35 கேள்விகள் கொண்ட அளவுகோல் இன்னும் நுணுக்கமானது. தனக்கென வைத்துக்கொள்ளும் தரம், ஒழுங்கு, தவறு பற்றிய கவலை, செய்தது சரிதானா என்ற ஐயம், பெற்றோரின் எதிர்பார்ப்பு, பெற்றோரின் கண்டிப்பு என ஆறு கூறுகளை அது அளக்கிறது. மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் முக்கியமாகச் சேர்ந்து வருவது தவறு பற்றிய கவலையும் ஐயமும்தான். உயர்ந்த தரம் மட்டும் இருந்தால் அந்த அளவுக்குத் தீங்கில்லை.

1991இல் ஹியூவிட், ஃப்ளெட் இருவரும் வேறொரு கோணத்தில் பார்த்தார்கள்: தன்னிடம் குறையின்மையைக் கேட்பது, பிறரிடம் கேட்பது, பிறர் தன்னிடம் கேட்பதாக நினைப்பது. அமெரிக்கா, கனடா, பிரிட்டன் கல்லூரி மாணவர்களிடம் 1989 முதல் 2016 வரை திரட்டிய தரவுகளில் மூன்றுமே கூடியிருந்தன. மிகுதியாகக் கூடியது மூன்றாவது. மொரீசியஸ் அந்த ஆய்வில் இல்லை. ஆனால் பள்ளி இறுதித் தேர்வான எச்.எஸ்.சி.யின் முடிவுகள் வரும்போது, அரசு உதவித்தொகை பெறும் முதன்மை மாணவர்களின் ‘லொரேயா’ பட்டியலில் யார் பெயர் என்று வீடு வீடாகப் பேசும் ஊரில் அந்த மூன்றாவது வகையை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

தமிழில் முழுமைவாதம், பரிபூரணவாதம் என்று எழுதுகிறார்கள். இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. ‘வாதம்’ ஒரு கொள்கையைச் சுட்டும்; இரவு பன்னிரண்டு மணிக்கு அதே மடலை ஒன்பதாம் முறை படிக்கிறவர் கொள்கைக்காகப் படிக்கவில்லை, பயந்துபோய்ப் படிக்கிறார். ‘முழுமைவாதம்’ என்பதை, முழுமையைப் பகுதிகளாகப் பிரித்து அறிய முடியாது என்னும் மெய்யியல் கருத்துக்கும் ஆள்வதால் குழப்பம் கூடுகிறது. ஆகவே நல்ல கூறுக்கு ‘நேர்த்தி நாட்டம்’ என்றும் கெட்ட கூறுக்குக் ‘குறையச்சம்’ என்றும் இரண்டு சொற்கள் வேண்டும் என்பதே என் முடிவு. நம் பேச்சில் ஏற்கெனவே ‘திருத்தமாகச் செய்’ என்ற அழகான வழக்கு உண்டு. தப்பைச் சரிசெய்வதும் திருத்தம், செம்மையாக இருப்பதும் திருத்தம். பிழை முதலில் நேரும், பிறகு செம்மை வரும் என்ற வரிசை அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

குறையச்சம் வேலைசெய்யும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். வேலை நன்றாக முடிந்தால் குறையச்சம் உள்ளவர் ‘இலக்கு எளிதாக இருந்தது’ என்று அடுத்த இலக்கை உயர்த்துவார். முடியாவிட்டால் ‘நான் தகுதியற்றவன்’ என்பார். எந்த முடிவும் நிறைவு தராது. குறை தெரிந்துவிடுமே என்று தொடங்குவதைத் தள்ளிப்போடுவார். கடைசி நாளில் அவசரமாகச் செய்து, பயந்த குறையையே வரவழைத்துக்கொள்வார். பிறர் கையில் வேலையைக் கொடுக்கவும் மாட்டார்.

நமக்கு இது மிகவும் வலிக்கும் இடம் மொழி. பள்ளியில் ஆண்டுக்கணக்காகத் தமிழ் படித்த இளையவர்கள், ல, ள, ழ பிசகுமோ என்று கோயிலில் பெரியவர்களிடம் கிரியோலிலேயே பேசுகிறார்கள். பேசாததால் பயிற்சியில்லை, பயிற்சியில்லாததால் பிழை குறைவதில்லை, அதனால் அச்சம் தணிவதில்லை. திருத்துகிறவர்கள் ஒரு உரையாடலில் ஒரே வகைப் பிழையை மட்டும், அதுவும் இளையவர் பேசி முடித்த பிறகு சுட்டினால் போதும். நடுவில் மறித்தால் அடுத்த முறை அவர் வாயே திறக்க மாட்டார்.

தன்னிடமே குறையச்சத்தைக் காண்கிறவர், வேலையைத் தொடங்குமுன் எங்கே பிழை கூடாது, எங்கே இருந்தால் பரவாயில்லை என்று எழுதிவைத்துக்கொள்ளட்டும். காவடித் திருவிழா அழைப்பிதழ் என்றால் நாள், நேரம், கோயில் பெயர், ஆட்களின் பெயர் ஆகியவற்றில் பிழை ஆகாது. ஓரப்பூவின் நிறத்துக்கு அரைமணி நேரத்துக்கு மேல் வேண்டாம். சரிபார்ப்பது இரண்டே முறை, இரண்டாவதை வேறொருவர் செய்வது நல்லது. பிறகு அச்சுக்கு அனுப்பிவிட வேண்டும்.

அச்சத்தையும் சோதித்துப் பார்க்கலாம். எழுதிவைத்துக்கொள்ளாமல் ஐந்து நிமிடம் தமிழில் பேச ஒப்புக்கொள்ளுங்கள். ‘எல்லாரும் சிரிப்பார்கள்’ என்பது போன்ற உங்கள் கணிப்பையும், அதை நூற்றுக்கு எவ்வளவு நம்புகிறீர்கள் என்பதையும் முன்கூட்டியே எழுதுங்கள். பேசி முடித்ததும் நடந்ததைப் பக்கத்தில் எழுதுங்கள். ‘நன்றாகப் பேசினேனா’ என்று யாரிடமும் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டு வாங்கும் ஆறுதல் அன்றைக்கு மட்டும்தான் நிற்கும். ஒருமுறை செய்து விட்டுவிட்டால் பயன் இல்லை. சற்றுக் கடினமான இடங்களுக்கு நகர்ந்து திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

தூக்கம் கெட்டாலோ, சாப்பாட்டைக் குறைத்து உடலைத் தண்டிக்கும் அளவுக்குப் போனாலோ, சரிபார்ப்பதில் மணிக்கணக்கு கழிந்தாலோ இந்தப் பயிற்சி மட்டும் போதாது. மருத்துவரையோ உளவியலாளரையோ பார்க்க வேண்டும். சிந்தனையையும் நடத்தையையும் சேர்த்து மாற்றும் சிகிச்சை முறை இதற்குப் பயன் தருகிறது. அங்கே போகும்போது ‘நான் பெர்ஃபெக்சியோனிஸ்ட்’ என்று சொல்வதைவிட, எந்த வேலையில், எதற்குப் பயந்து, எவ்வளவு நேரம் போகிறது என்று சொன்னால் அவர் உடனே வேலையைத் தொடங்க முடியும்.