கொடைக்குப் போன இடத்தில் மார்ஃபின் விட்டுப்போனால்

புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் எடுப்பவர் வீட்டில் முதலில் கேட்க வேண்டியது: நடுவில் மாத்திரை விட்டுப்போனதா? அம்பாசமுத்திரம், முக்கூடல் பக்கம் கோயில் கொடை விழாவுக்கு ஊருக்குப் போவார்கள், அட்டை தீர்ந்துவிடும். மார்ஃபின் எல்லா மெடிக்கலிலும் கிடைக்காது. நாலைந்து நாள் கழித்து, வலி தாங்காமல் துடிக்கிறவருக்குப் பழைய அளவையே கொடுத்துவிடுவார்கள். ஆபத்து அங்கேதான்.

காரணம் மூளைச் செல்லின் மேற்பரப்பில் இருக்கிறது. அங்கே ஓபியாய்டுகளை (மார்ஃபின் வகைப் பொருட்களை) பிடித்துக்கொள்ளும் மியூ ஓபியாய்டு ஏற்பி என்னும் புரதம் உண்டு. அதில் மார்ஃபின் ஒட்டியதும் வலிச் செய்தி அடங்கும். தொடர்ந்து ஒட்டினால், ஜி.ஆர்.கே. என்னும் நொதி, ஏற்பியின் செல்லுக்குள் நீளும் வாலில் பாஸ்பேட்டைச் சேர்க்கும். அந்த வாலை அரெஸ்டின் புரதம் பிடித்துக்கொள்ள, ஏற்பியின் வேலை மட்டுப்படும். பிறகு ஏற்பி உள்ளே இழுக்கப்படும். அங்கே பாஸ்படேஸ் நொதிகள் பாஸ்பேட்டைக் கழற்றினால் மேலே திரும்பும், இல்லையேல் சிதைந்துபோகும்.

உடல் தானே சுரக்கும் சில ஓபியாய்டு பெப்டைடுகளை (சிறு புரதத் துண்டுகளை), ஏற்பியோடு உள்ளே போன பையின் அமிலச் சூழலில் எண்டோதெலின் கன்வெர்ட்டிங் என்சைம்-2 என்னும் நொதி வெட்டிப்போடும். ஏற்பி விடுபட்டு மேலே வரும். மார்ஃபின் பெப்டைடு அல்ல, இந்தக் கத்தரிக்கு அகப்படாது. ஏற்பியை உள்ளே இழுக்கவைப்பதிலும் அது மந்தம். செல்லோ, மார்ஃபின் அடக்கிவைக்கும் ‘அடினைலில் சைக்ளேஸ்’ என்ற நொதியின் வேகத்தைக் கூட்டி ஈடுகட்டும். அதனால்தான் நாளடைவில் அளவு கூடுகிறது. அதை அடிமைத்தனம் என்று பயந்து மருந்தைக் குறைக்காதீர்கள்.

மருந்து நின்றதும், அந்த நொதியின் கூடிய வேகம் அப்படியே வெளிப்படும்: கொட்டாவி, மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு, நடுக்கம். இதைக் காய்ச்சல் என்று நினைப்பவர்கள் நிறைய. அதே நாட்களில் ஏற்பிகள் கூர்மைக்குத் திரும்பிவிடும். முன்பு நாலு மணிக்கொரு தரம் 30 மி.கி. தாங்கிய மூச்சு, இப்போது அதே 30-ல் அடங்கலாம். சிறுநீரகம் பழுதானவருக்கு மார்ஃபினின் சிதைபொருளும் தேங்குவதால் ஆபத்து கூடுதல்.

ஆகவே, சில நாள் விட்டுப்போனால் மருத்துவரைக் கேட்டுக் குறைந்த அளவில் தொடங்குங்கள். ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளை இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டாம். பன்னிரண்டு மணி நேர மாத்திரையைப் பொடித்து மோரில் கலக்கவே கூடாது. மொத்த மருந்தும் ஒரேயடியாக இறங்கிவிடும். மலச்சிக்கலுக்கு மட்டும் உடல் பழகாது, மலமிளக்கி தினமும் வேண்டும்.

தட்டி எழுப்பியும் எழாமல், கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கி, நிமிடத்துக்கு 8-க்கும் குறைவாக மூச்சு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். மார்ஃபினை முறிக்கும் நலோக்சோன் ஊசி போட்டதும் கண் திறப்பார். ஆனால் அதன் வீரியம் 30 முதல் 90 நிமிடம்தான். மாத்திரை அதைத் தாண்டியும் வேலை செய்யும். எழுந்து பேசுகிறாரே என்று உடனே வீட்டுக்குக் கூட்டிவந்துவிடாதீர்கள்.