பெட்டேஸ்: தமிழில் என்ன சொல்லலாம்?

பெட்டேஸ் என்பது தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்கின் நீண்ட சங்கிலியை அறுக்கும் ஒரு நொதி (என்சைம்). 'பிளாஸ்டிக் தின்னும் பாக்டீரியா' என்று செய்திகளில் படிக்கிறோமே, உண்மையில் வேலை செய்வது அந்த நுண்ணுயிர் வெளியே சுரக்கும் இந்தப் புரதம்தான்.

'பெட்' என்பது பாலிஎத்திலீன் டெரிப்தாலேட் என்பதன் சுருக்கம். 'ஏஸ்' என்ற வால் 1833-இல் வந்தது. முளைவிட்ட பார்லியில் இருந்து மாவுச்சத்தை உடைக்கும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்த பாயன், பெர்சோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர்கள் அதற்கு டயஸ்டேஸ் என்று பெயரிட்டார்கள். அப்புறம் நொதிகளின் பெயர்களுக்கெல்லாம் அந்த வால் வழக்கமாகிவிட்டது.

என்சைம் என்ற சொல்லைத் தந்தவர் ஜெர்மானியரான வில்ஹெல்ம் கூனே. 'புளிப்பூட்டியில் உள்ளது' என்பது அதன் கிரேக்கப் பொருள். தமிழில் அதை நொதி என்கிறோம், ஈழத்தில் நொதியம். நொதித்தலில் இருந்து வந்த இந்தச் சொல் திசையன்விளைப் பக்கம் பனையேறும் யாருக்கும் விளங்கும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதனி, தடவாவிட்டால் நொதித்துக் கள். அங்கே ஈஸ்டின் நொதிகள் சர்க்கரையை உடைக்கின்றன. பெட்டேஸ் உடைப்பது பெட் சங்கிலியின் கண்ணிகளைக் கோக்கும் எஸ்டர் பிணைப்பை.

ஜப்பானின் சக்காய் நகரில், பாட்டில் மறுசுழற்சி நடக்கும் இடத்தில் எடுத்த மாதிரியில் கிடைத்த ஐடியோனெல்லா சக்காயென்சிஸ் என்ற பாக்டீரியாவைப் பற்றி 2016-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். 30 டிகிரி வெப்பத்தில் மெல்லிய பெட் படலம் ஒன்றைக் கரைக்க அதற்கு ஆறு வாரம் ஆனது. இவ்வளவு மெதுவானது ஆலைக்கு ஆகாது. அதனால்தான் நொதியின் அமினோ அமிலங்களை மாற்றி அமைக்கும் வேலை தொடங்கியது. 2020-இல் பிரான்சில், இலைமட்கில் கண்டறியப்பட்ட வேறொரு நொதியைத் திருத்தி, 72 டிகிரியில் பத்து மணி நேரத்தில் பெட்டின் 90 சதவீதத்தைப் பகுத்தார்கள். 2022-இல் டெக்சாஸில் தரவுகளில் இருந்து கணினியே கற்றுக்கொள்ளும் இயந்திரக் கற்றலின் துணையோடு பெட்டேஸையே திருத்தி, 50 டிகிரியில் நன்றாக இயங்க வைத்தார்கள்.

பாபநாசத்தில் பரிகாரம் என்று தாமிரபரணியில் விடும் துணிகளில் பாலியஸ்டர் நிறைய. பாலியஸ்டர் துணியும் பெட்தான்! ஆனால் இந்த நொதியை ஆற்றில் ஊற்றிப் பயனில்லை. துணியை அள்ளி, தரம் பிரித்து, இழையின் இறுகிய அமைப்பைத் தளர்த்தி, சூடான கலனில் போட்டால்தான் வேலை நடக்கும். ஆற்றில் போடாமல் இருப்பது அதைவிட எளிது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'நெகிழி உண்ணி' வேண்டாம். அது உயிரைக் குறிக்கும். 'நெகிழி நொதி' என்றால் எல்லாப் பிளாஸ்டிக்கையும் உடைக்கும் என்று ஆகிவிடும். கடைகளில் தரும் கேரி பேக் பாலிஎத்திலீன். அதில் எஸ்டர் பிணைப்பே இல்லாததால் பெட்டேஸிடம் அது அசையாது. 'சிதைப்பு நொதி' என்பதும் எனக்கு உடன்பாடில்லை. சிதைந்த பிளாஸ்டிக் என்றால் நுண்துகள்தான் நினைவுக்கு வருகிறது. இங்கே கடைசியில் கிடைப்பதோ டெரிப்தாலிக் அமிலமும் எத்திலீன் கிளைக்காலும்; மறுபடி புதுப் பாட்டில் செய்யத் தகுந்த மூலப்பொருள்கள். நீர் சேர்ந்து பிரிவதை நீராற்பகுத்தல் என்று பாடநூல்கள் ஏற்கெனவே சொல்கின்றன. ஆகவே 'பெட் பகுப்பு நொதி' என்பதே பொருத்தம்.